பித்தநீர்க் கசிவு: எண்டோஸ்கோப்பி சிகிச்சையின் வரலாறு

பித்தப்பை அறுவைக்குப் பின் பித்தநீர் நாளத்தை விட்டு வெளியேறி வயிற்றறைக்குள் வடிவது பித்தநீர்க் கசிவு. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரப்பதால், சிறு ஓட்டைகூடச் சில நாள்களில் வயிற்றுவலி, காய்ச்சல், உப்புசம் என ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். கிளிப் போட்டு அடைத்த பித்தப்பை நாளத்தின் அடிக்கட்டையிலிருந்தே பெரும்பாலும் கசிகிறது.

கார்ல் லாங்கன்புக் 1882இல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள், தானாக நிற்காத கசிவுக்கு வயிற்றை மறுபடி திறப்பதே வழியாக இருந்தது. பித்தநீரில் ஊறி அழற்சி கண்ட திசுவில் தையல் நிற்பது கடினம். நோயாளி பட்ட பாடு பெரிது.

மாற்றுவழிக்கான கருவிகள் வேறு நோய்களுக்காகப் பிறந்தவை. 1968இல் அமெரிக்காவின் வில்லியம் மெக்கூன் குழு, எண்டோஸ்கோப் வழியே முன்சிறுகுடலில் நாளம் திறக்கும் வாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்திக் காட்டியது. 1974இல் ஜெர்மனியின் கிளாஸன், டெம்லிங் இருவரும், ஜப்பானில் கவாயும், அந்த வாயிலுள்ள ஓடி (Oddi) எனப்படும் சுருக்குத்தசையைக் கீறிக் கல்லெடுக்கும் முறையை வெளியிட்டனர். அடைபட்ட நாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்னும் சிறுகுழாயை வைக்கும் முறையை 1979இல் ஹாம்பர்க்கில் நிப் சுஹேந்திரா தொடங்கிவைத்தார்.

இக்கருவிகளைக் கொண்டு கசிவை நிறுத்தும் முறையின் நுட்பம், ஓட்டையைத் தொடாமலே அதை ஆறவிடுவதில் இருக்கிறது. சுருக்குத்தசை இறுகியிருக்கும்வரை நாளத்துக்குள் அழுத்தம் கூடி, பித்தநீர் ஓட்டை வழியே வெளியேறும். தசையைக் கீறினாலோ ஸ்டென்ட் வைத்தாலோ, மடை திறந்ததுபோல் அது குடலுக்கே பாயும். வறண்ட ஓட்டை தானே மூடிக்கொள்ளும். வயிற்றில் ஏற்கெனவே தேங்கியதை மட்டும் தனிக் குழாய் வைத்து வெளியேற்றுவார்கள்.

எரிக் மூஹே 1985இல் தொடங்கிய சிறுதுளை வழியான லேப்பராஸ்கோப்பிப் பித்தப்பை அறுவை 1990களில் உலகெங்கும் பரவியபோது நாளக் காயங்களும் கூடின; இச்சிகிச்சை முதல் தெரிவானது அப்போதுதான். 2004இல் கனடிய மருத்துவர்கள் 207 நோயாளிகளை ஆராய்ந்து, சிறு கசிவுக்குத் தசைக்கீறலும் பெருங்கசிவுக்கு ஸ்டென்டும் எனப் பிரித்தனர். சரியான நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம் கிடைக்கிறது. முதன்மை நாளமே முற்றாக அறுபட்டிருந்தால் இது போதாது. குடலோடு நாளத்தை இணைக்கும் அறுவையே வேண்டும். கணைய அழற்சி எண்டோஸ்கோப்பி முறையின் அஞ்சத்தக்க பக்கவிளைவு.

ஸ்டென்ட் வழக்கமாக 4 முதல் 6 வாரங்களில் எடுக்கப்படும். வலி நின்றுவிட்டது என்று அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது. உள்ளேயே கிடக்கும் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு நாளத்தில் கடும் தொற்றை உண்டாக்கும்.