90 நாள் ஞாபகம்

2024 மார்ச்சில் நடிகர் சேஷு இறந்தபோது, செய்தித்தாள்களிலிருந்து மீம் பக்கங்கள் வரை எல்லோரும் போட்ட பெயர் ஒன்றுதான்: லொள்ளு சபா சேஷு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ‘வடக்குப்பட்டி ராமசாமி’யில் அவரைத் தியேட்டரில் பார்த்துச் சிரித்திருந்தோம். ஆனாலும் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட 20 வருஷத்துக்கு முந்தைய ஒரு டிவி நிகழ்ச்சி. லொள்ளு சபா மனோகர், லொள்ளு சபா சுவாமிநாதன் எல்லாருக்கும் இதே கதைதான். அது அவர்களுக்கு இனிஷியல் மாதிரி.

தமிழில் இது புதிதில்லை. ‘கல் மணம்’ நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்ததால் சீனிவாசன் தேங்காய் சீனிவாசன் ஆனார். அந்த நாடகம் காற்றோடு போய்விட்டது. அது மேடை, போகத்தான் செய்யும். ஆனால் டிவி நிகழ்ச்சி என்பது டேப்பில் பதிவானது. அது எப்படிக் காணாமல் போகும்?

லொள்ளு சபாவை நேரத்துக்குப் பார்க்காத தம்பி தங்கைகளுக்காகக் கொஞ்சம். 2000களின் நடுவில் விஜய் டிவியில் வந்தது. இயக்கம் ராம்பாலா. ஒரு தமிழ்ப் படத்தை எடுத்துக்கொண்டு, மட்டமான விக், அட்டையில் செய்த செட், வேண்டுமென்றே சொதப்பும் வசனம் என்று அதைத் தலைகீழாக நடித்துக் காட்டுவார்கள். சந்தானம் அங்கிருந்துதான் ‘மன்மதன்’ (2004) வழியாக சினிமாவுக்குப் போனார். யோகி பாபு அதில் கூட்டத்தில் ஒருவராக நின்றிருக்கிறார். ‘போக்கிரி’யைக் கிண்டலடித்த ‘பேக்கரி’க்கு விஜய் ரசிகர்கள் கொதித்தார்கள். சி.எஸ். அமுதனின் ‘தமிழ் படம்’ 2010இல் வந்தபோது நகரத்து விமர்சகர்கள் தமிழின் முதல் முழுநீள ஸ்பூஃப் என்று கொண்டாடினார்கள். சரிதான், ஆனால் நாங்கள் அதற்குள் அந்த வித்தையில் பாதி பட்டம் வாங்கியிருந்தோம்.

நாங்கள் என்றால் ஓமலூர்க்காரர்கள். அப்போது எங்கள் ஊரில் டிவி என்றால் கேபிள்காரர்தான். கரண்ட் போனால் அன்றைய எபிசோடும் போச்சு. மறுஒளிபரப்பு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிடி கடைகளில் பேர் போடாத வெள்ளை சிடிக்கள் ஓடின. மேலே மார்க்கர் பேனாவில் ‘லொள்ளு 4’, ‘லொள்ளு 7’ என்று எழுதியிருக்கும். டிவியிலிருந்து நேரே பதிவு பண்ணியது, நடுவில் சோப்பு விளம்பரமும் உண்டு. எங்கள் தெருவுக்கு இணைப்பு கொடுத்திருந்த அண்ணன் தன் லோக்கல் சேனலில் மத்தியான நேரத்தை இதை வைத்துத்தான் ஓட்டினார். உரிமை, லைசென்ஸ் எதுவும் கிடையாது. போன வருஷம் அவரைப் பார்த்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். “அத நான் எடுத்து வெக்கலைன்னா வேற யாரு கண்ணு வெப்பா?” என்றார். ஒரு சாக்குப்பையில் இன்னும் 30, 40 சிடி வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் ஓடவில்லை. வெள்ளி பூச்சு உரிந்து அடிப்பக்கம் வெளிச்சம் தெரிகிறது.

இன்று இணையத்தில் லொள்ளு சபா நிறையவே கிடைக்கிறது. ஆனால் நான் தேடிய ஒரு பகுதி ஒரு ரசிகர் ஏற்றிய பிரதியில் மட்டும்தான் இருந்தது. அதில் ஜோக்கின் உச்சம் வரும் இடத்தில் மூன்று நிமிஷம் சத்தமே இல்லை. அங்கே ஒரு சினிமாப் பாட்டு ஓடும். கதாநாயகன் ஸ்லோமோஷனில் ஓடி வந்து கால் தடுக்கி விழ வேண்டும். பாட்டு இருந்தால்தான் அது ஸ்லோமோஷன். பாட்டு இல்லாவிட்டால் வயசான ஒருத்தர் மெதுவாக நடந்து வந்து விழுகிறார், அவ்வளவுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த மாதம் அந்தப் பிரதியும் இல்லை.

இங்கேதான் உரிமை என்கிற சங்கதி வருகிறது. ஒரு எபிசோடின் சொந்தக்காரர் ஒருவர் இல்லை. நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு ஒருவருடையது. அதற்குள் ஓடும் பாட்டின் ஒலிப்பதிவு கேசட் கம்பெனியுடையது. மெட்டு இசையமைப்பாளருடையதா தயாரிப்பாளருடையதா என்று கோர்ட்டில் சண்டை. வரிகள் கவிஞருடையவை. 2017இல் இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பியபோது நண்பர்களுக்குள் இப்படியா என்று ஊரே பேசியது. 2025இல் ‘குட் பேட் அக்லி’யில் அவருடைய பழைய பாட்டுகளைப் பயன்படுத்தியதற்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தபோது, அஜித் படமே நெட்ஃபிளிக்ஸிலிருந்து இறங்கியது. அவ்வளவு பெரிய படத்துக்கே இந்த நிலை. வாராவாரம் அரை டஜன் பாட்டுகளை வெட்டி ஒட்டிய ஒரு டிவி காமெடிக்காக யார் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் அனுமதி வாங்குவார்கள்? அதை அலமாரியிலேயே விட்டுவிடுவது மலிவு.

அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ 1978 முதல் 1982 வரை சிபிஎஸ்ஸில் வந்த காமெடித் தொடர். கதை நடப்பது ஒரு ரேடியோ ஸ்டேஷனில், எனவே பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். ஒளிபரப்புக்கு வாங்கிய அனுமதி காலாவதியானதும் மறுஒளிபரப்பிலும் டிவிடியிலும் நிஜப் பாட்டுகளை எடுத்துவிட்டுப் பேர் தெரியாத இசையைச் சேர்த்தார்கள். பாட்டைக் குறிப்பிட்டுப் பேசும் வசனங்கள்கூடப் போயின. 2014இல்தான் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளுக்கு மறுபடி அனுமதி வாங்கி வெளியிட்டது.

உரிமைச் சிக்கலுக்கு முந்தைய தலைமுறையின் எதிரி டேப்பின் விலை. பழைய நிகழ்ச்சி மேலேயே புதியதைப் பதிவது அன்றைய நிலையங்களில் சாதாரணம். பிபிசியில் பீட்டர் குக், டட்லி மூரின் ‘நாட் ஒன்லி பட் ஆல்ஸோ’ அழியப்போகிறது என்று தெரிந்து, காசு நான் தருகிறேன் என்று குக்கே கேட்டும் நடக்கவில்லை. ‘டாட்ஸ் ஆர்மி’யின் 1969ஆம் வருஷத்து மூன்று எபிசோடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதில் எஸ்.வி. சேகரின் ‘வண்ணக் கோலங்கள்’ வந்த நாட்களை என் சித்தப்பா தலைமுறை இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. ஒரு ஜோக்கைப் பாதி சொல்லிவிட்டு மீதிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இதற்கு நேர் எதிராக ஒரு உதாரணமும் இருக்கிறது. நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. அதைப் பிற்பாடு கவிதாலயா தன் யூடியூப் சேனலில் ஏற்றியது, நீங்களும் நானும் பார்க்கிறோம். காரணம் அது லொள்ளு சபாவைவிட உயர்ந்த கலை என்பதில்லை. எனக்கு லொள்ளு சபாதான் ஒரு படி மேலே, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். தயாரித்தவர்களே கையில் வைத்திருந்து ஏற்றினார்கள் என்பதும், அதன் ஜோக்குகள் வேறொருவர் பாட்டை நம்பி இருக்கவில்லை என்பதும்தான் வித்தியாசம். எது மிஞ்சும் என்பதை அங்கே ரசனை முடிவு செய்யவில்லை, ஒப்பந்தத் தாள் முடிவு செய்தது.

அந்தத் தாளைப் பற்றிச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2012 திருத்தத்தில் காப்புரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பாட்டு எழுதியவரை ஏமாற்றாமல் இருக்க வந்த விதி, தேவையானது. ஆனால் பழைய நிகழ்ச்சியைப் புதிய திரைக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு, ஒவ்வொருவரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டுமோ என்ற பயத்தையும் அது கூடவே கொடுத்தது.

பகடிக்கு என்று தனி விலக்கு நம் சட்டத்தில் இல்லை. பிரிட்டன் 2014இல் அந்தச் சொல்லையே சட்டத்தில் சேர்த்துவிட்டது. நமக்கு இருப்பது 52ஆம் பிரிவின் ‘விமர்சனம்’ என்கிற குடை. தோப்பில் பாசியின் நாடகத்துக்கு எதிர் நாடகம் எழுதிய சிவிக் சந்திரனுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 1996இல் அந்தக் குடையைப் பிடித்தது. கம்யூனிஸ்ட் கட்சியை விமர்சித்த நாடகத்துக்குக் கிடைத்தது, விக் கழன்று விழும் காமெடிக்கும் கிடைக்குமா? கிடைக்க வேண்டும் என்பேன். கவுண்டமணியே விமர்சகர்தானே. ஆனால் கேஸ் நடத்திப் பார்க்கச் செலவு செய்ய யாரும் இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த இழப்பு பழக்கம்தான். முதல் மலையாளப் பேசும்படம் ‘பாலன்’ 1938இல் வந்தது, எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதன் பிரதி இன்று இல்லை. ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவின் வளைவு மட்டும் நிற்கிறது, மக்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த மாதிரி இழப்புகளுக்குப் பிறகுதான் சினிமாவுக்கு 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. புத்தகத்துக்கு 1954ஆம் வருஷத்துச் சட்டம் உண்டு, அச்சடித்தால் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போக வேண்டும். தனியார் டிவி நிகழ்ச்சிக்கு? சேனல்களுக்கான அரசு நெறிமுறை, ஒளிபரப்பியதை 90 நாள் பதிவில் வைத்திருக்கச் சொல்கிறது. அதுவும் புகார் வந்தால் போட்டுப் பார்ப்பதற்கு. 91ஆம் நாள் அழித்தால் கேட்பாரில்லை. நம் பேச்சு வழக்கை இத்தனை மாற்றிய ஒரு ஊடகத்துக்கு அரசு ஒதுக்கிய ஞாபகம் அவ்வளவுதான்.

பெரிய நடிகர்களுக்கு இதனால் நஷ்டமில்லை. சந்தானத்துக்குப் படங்கள் இருக்கின்றன. ராம்பாலாவும் 2016இல் அவரை வைத்தே ‘தில்லுக்கு துட்டு’ எடுத்துவிட்டார். ஆனால் அந்த நிகழ்ச்சியில் வாரம் ஒரு வேஷம் போட்டு, சினிமாவில் ஒரு சீனோடு நின்றுபோனவர்கள் பலர். அவர்கள் நன்றாக நடித்தார்கள் என்பதற்கு அந்த டேப் தவிர வேறு சாட்சி இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடினால் கிடைப்பது சத்தம் போன மூன்று நிமிஷமாக இருக்கலாம்.

ஒருநாள் ராத்திரி சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2004இல் ஒளிபரப்பான ஒரு எபிசோடுக்குச் சேனலின் ஒளிபரப்பு உரிமை 25 வருஷம், அதாவது 2029 முடியும்வரை. ஆனால் ஒளிப்பதிவு என்ற வகையில் 60 வருஷம், 2064 முடியும்வரை. அதற்குள் கண்ணதாசன் பாட்டு ஓடினால் வரிகளுக்கு 2041வரை. வாலி பாட்டு என்றால், அவர் இறந்த 2013லிருந்து 60 வருஷம், 2073 முடியும்வரை. கேபிள் அண்ணனின் சாக்குப்பையில் ஓடும் சிடிக்களை இந்த வாரம் என் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டிஸ்க் டிரைவ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. சேலத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் 400 ரூபாய்க்கு வாங்கினேன். ‘லொள்ளு 7’ மூன்றாவது தடவையில் படித்தது.