அலுவலகத் தளவாடத்திலிருந்து ஏலப்பொருள் வரை: சண்டிகர் நாற்காலியின் வரலாறு

ஐரோப்பிய, அமெரிக்க ஏல நிறுவனங்களின் அறைகலன் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் ஒரு நாற்காலி உண்டு. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், விரித்த கவராயம் போன்ற கால்கள். முதுகுப்புறத்தில் வண்ணத்தில் தீட்டிய ஒரு துறையின் பெயர்ச் சுருக்கமும் எண்ணும் இருக்கும். அலுவலகத் தளவாடப் பதிவேட்டுக்காக ஓர் எழுத்தர் இட்ட அந்த எண்ணைத்தான் இன்று சேகரிப்பாளர் முதலில் தேடுகிறார். அரசுச் சொத்தின் அடையாளம் தனியார் சேகரிப்பின் நம்பகச் சான்றாக மாறியது எப்படி என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் இந்தியப் பஞ்சாப் தலைநகரின்றி நின்றது. புதிய நகரத்துக்கு முதலில் திட்டம் வகுத்த இருவரில் ஒருவரான மாத்யூ நோவிட்ஸ்கி 1950இல் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் பொறுப்பு கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வந்தது. அவர் ஆண்டுக்கு இருமுறை வந்துபோனார். சண்டிகரிலேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. 1965வரை அவர் அங்கிருந்தார். 1967இல் ஜெனீவாவில் இறந்தபின் அவரது அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது.

சட்டமன்றம், தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் என ஒரே காலத்தில் எழுந்த கட்டடங்களுக்கு மேசை நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. 1929இல் பாரிஸ் கண்காட்சியில் லெ கொர்பூசியேயும் ஷார்லோட் பெரியானும் ஜான்னரேயும் காட்டியவை எஃகுக் குழாய் வளைத்த இருக்கைகள். அந்த முறை பஞ்சாபில் செல்லாது. அங்கே கைக்கெட்டியவை மரமும் பிரம்பும் தச்சர் கையும்தாம். ஜான்னரே அந்தக் கைக்கு ஏற்பவே வரைந்தார். மரத்துண்டுகள் தடிமனானவை, வளைவுகள் குறைவு, பெரிய இயந்திரம் வேண்டாம். பிரம்புப் பின்னல் காற்றை உள்ளே விடும், அறுந்தால் உள்ளூரிலேயே மறுபடி பின்னிக்கொள்ளலாம். வெயில் நாட்டில் நாள் முழுதும் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவரின் முதுகை எண்ணிச் செய்த நாற்காலி இது. அதன் அழகு அந்த அக்கறையிலிருந்து வந்தது என்பதே என் முடிவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏலப் பட்டியல்களில் பெரும்பாலும் ஜான்னரே பெயர் ஒன்றே முன்னிற்கிறது. ஆனால் அவரோடு அறைகலன் வடிவமைப்பில் பங்கேற்றவர்களில் முக்கியமானவர் யூலி சௌத்ரி, இந்தியாவின் தொடக்ககாலப் பெண் கட்டடக் கலைஞர்களுள் ஒருவர். வரைபடங்கள் பல பட்டறைகளுக்குப் போயின. ஒவ்வொரு தச்சரும் தமக்குக் கிடைத்த மரத்துக்கும் தம் பழக்கத்துக்கும் ஏற்றபடி செய்ததால், ஒரே வகை நாற்காலிகளுக்குள்ளும் அளவும் வளைவும் மாறுபடுகின்றன. அந்தத் தச்சர்களின் பெயர்களைப் பட்டியல்கள் தாங்குவதில்லை. ஒரு கூட்டுப் படைப்பு ஒற்றைப் பெயருக்குள் சுருங்கியது சந்தையின் வசதிக்காகவே.

1966இல் பஞ்சாப் பிரிந்தது. சண்டிகர் ஒன்றியப் பகுதியானது; பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் பொதுத் தலைநகருமானது. தளவாடங்கள் பல அலுவலகங்களின் பொறுப்பில் சிதறிக் கிடந்ததால், மொத்தமாக அவற்றைக் கவனிக்க ஒருவரும் இல்லாமற்போனதாகவே கருதுகிறேன். பின்னல் அறுந்த நாற்காலிகள் மொட்டைமாடிகளிலும் கொல்லைகளிலும் குவிந்தன. பயன்படுத்தத் தகாதவை என்று கழிக்கப்பட்டுப் பழைய சாமான் விலைக்கு ஏலம் போயின. விதிப்படி நடந்த ஏலங்கள் அவை. எழுத்தரைக் குறை கூற இடமில்லை. பொருளின் வயதையும் பழுதையும் கேட்ட அந்தப் பதிவேட்டில் அதன் மதிப்பைக் கேட்கும் பத்தி இல்லை.

1990களின் இறுதியில் எரிக் துஷலோம், பிரான்சுவா லஃபானூர், பாட்ரிக் செகேன் முதலிய பிரெஞ்சு வணிகர்கள் இவற்றை வாங்கத் தொடங்கினர். நகர வரைபடம் பொறித்த வார்ப்பிரும்புச் சாக்கடை மூடிகள்கூட வெளிநாட்டு ஏலத்துக்குப் போயின. இவர்கள் வெறுமனே வாங்கி விற்றவர்கள் அல்லர். தேடினார்கள், வகைப்படுத்தினார்கள், 2010இல் துஷலோம், ஜெரால்ட் மொரோ இருவரும் இதைப் பற்றிப் பெரியதொரு நூலே வெளியிட்டனர். இவர்கள் இல்லையென்றால் பல நாற்காலிகள் விறகாகியிருக்கும். இந்த நன்றியை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் மறுபக்கமும் உண்டு. மெருகேற்றிப் புதுப் பின்னல் இட்டு விற்கும்போது, ஐம்பதாண்டு உபயோகத்தின் தழும்புகள் அழிந்துவிடுகின்றன. எண் மட்டும் பத்திரமாக விடப்படுகிறது. பட்டறைக்குப் பட்டறை வேறுபட்ட பொருளில் அசலை அளவு கொண்டு நிறுவ முடியாது என்பதால்தான் எண்ணுக்கு இத்தனை மதிப்பு. போலி செய்பவரும் அதைத்தான் முதலில் தீட்டுகிறார்.

எமி சீகல் 2013இல் எடுத்த ‘ப்ராவெனன்ஸ்’ என்ற படம் இந்தப் பயணத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது: செல்வர் வீடுகளில் தொடங்கி, ஏலக்கூடம், பழுதுபார்க்கும் பட்டறை, கப்பல் எனப் பின்னோக்கிச் சென்று சண்டிகரில் முடிகிறது. அந்தப் படத்தையும் அவர் அதே ஆண்டு லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார்.

2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இந்த மரபுப் பொருட்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை விதித்தது. அதற்கு முன் முறைப்படி ஏலத்தில் போனவற்றை அத்தடை மீட்டுத் தராது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, இத்தகைய பொருள் தொல்பொருளாக நூறாண்டு நிரம்பவேண்டும். 1955இல் செய்த நாற்காலி 2055வரை காத்திருக்க வேண்டும். அறைகலன்களுக்கு யுனெஸ்கோவின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை வைத்திருப்பதும் இதே நூறாண்டு வரம்பே. சண்டிகரின் தலைமைக் கட்டட வளாகம் 2016இல் உலக மரபுச் சின்னமானது. அதற்குள் இருக்க வேண்டிய நாற்காலிக்கு அந்தக் காப்பு இல்லை.

ஆயினும் அதே 1972 சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. நூறாண்டு நிரம்பாத கலைப்படைப்பையும், படைத்தவர் உயிருடன் இல்லையெனில், மத்திய அரசு ‘கலைச்செல்வம்’ என அறிவிக்கலாம். ரவிவர்மா, அம்ரிதா ஷெர்கில் ஆகியோரின் ஓவியங்கள் அவ்வாறே காக்கப்படுகின்றன. ஜான்னரே இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நாற்காலியும் கலைப்படைப்புதான் என்று ஏற்று, சண்டிகரில் எஞ்சியிருக்கும் அறைகலன்களை மத்திய அரசு அப்பட்டியலில் சேர்க்க வேண்டும்.