மரப்பெட்டியில் தொடங்கிய பட்டி

செகந்திராபாத்தின் லாலாகுடாவில் நிஜாம் உத்தரவாத அரசு ரயில்வே 1893இல் பணிமனை அமைத்தது. அன்றைய பெட்டிகள் மரத்தால் ஆனவை. பலகை இடுக்கு, ஆணிக்குழி, கணு எல்லாவற்றையும் அடைத்த பிறகே வண்ணம் ஏறும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சாக் பவுடரைப் பிசைந்தால் மரவேலைப் பட்டி தயார். காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித்தான் அந்த எண்ணெய் இறுகும். ஒரு பூச்சு காயவே நாள்கணக்கு. தேய்ப்பு, மறுபூச்சு, வார்னிஷ் என்று வாரங்கள் ஓடும். ஆனாலும் காய்ந்தபின் சற்று நெகிழ்வதால், உப்பிச் சுருங்கும் மரத்துக்கு அதைவிடப் பொருத்தமானது அன்று இல்லை.

அவசரத்தைக் கொண்டுவந்தது மோட்டார் கார். 1923இல் டூபான்ட் நிறுவனத்தின் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணமான ‘டூகோ’ வாரக்கணக்கை மணிக்கணக்காக்கியது. அதே நைட்ரோசெல்லுலோஸில் செய்த என்.சி. பட்டி கரைப்பான் ஆவியாகிக் காயும். ஆவியான அளவுக்கு உள்வாங்கவும் செய்யும். கீறலுக்குப் போதும், பள்ளத்துக்கு ஆகாது. நசுங்கிய தகட்டில் ஈயக்கலவையை உருக்கி நிரப்பிய வழக்கம் 1950களில் பாலியெஸ்டர் பட்டி வரும்வரை நீடித்தது. பாலியெஸ்டர் பட்டி காய்வதில்லை; ஹார்டனர் சேர்ந்ததும் வேதிவினையால் இறுகுகிறது. இந்திய ரயிலிலும் அப்போது மரம் பின்வாங்கத் தொடங்கியது: 1955இல் பெரம்பூர் ஐ.சி.எஃப். எஃகுப் பெட்டிகளைக் கட்டத் தொடங்கியது.

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு மாதிரிகளும் அக்காலத்தவையே. ஏர்ஃபிக்ஸ் 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலைப் பாலிஸ்டைரீனில் வார்த்து விற்றது. இரு பாதிகளை ஒட்டும் இடத்தில் தெரியும் கோட்டை மறைக்க, மலிவாகக் கிடைத்த கார்ப் பட்டி கைகொடுத்தது. பாலியெஸ்டர் பட்டியில் இருக்கும் திரவ ஸ்டைரீன்தான் பிணைந்து இறுகினால் பாலிஸ்டைரீன். அதனால் பட்டி பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்துக் கவ்வுகிறது. தடிமனாக அப்பினால் இறுகும்போது எழும் சூடும் சேர்ந்து மெல்லிய சுவரை வளைத்துவிடும். என்.சி. பட்டியின் கரைப்பானும் பிளாஸ்டிக்கை இளக்கும். ஒரு நாள் பொறுக்காமல் தேய்த்தால் பிறகு உள்வாங்கி, கோடு மறுபடி தெரியும்.

மாதிரிக்குப் பாலியெஸ்டர் பட்டி பட்டாணி அளவே ஒரு தடவைக்கு அதிகம். சில நிமிடங்களில் இறுகிவிடும். வண்ண ஹார்டனரின் கோடுகள் மறைந்து ஒரே நிறமானால் கலவை சரி. இணைப்பின் இருபுறமும் டேப் ஒட்டி, மெல்லிய தகட்டால் இழுத்து, இறுகியதும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கிறார்கள். அதில் அழியும் ரிவெட்டும் தகட்டுக் கோடும் ஊசியால் மீண்டும் கீறப்படுகின்றன.