கொல்கத்தா மழையும் காரின் பிரேக்கும்: பேட், ரோட்டாரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கொல்கத்தா: 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு தொடங்கி மறுநாள் வரை கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. துர்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்த நிலையில் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. தெருவோரம் நிறுத்தப்பட்டிருந்த கார்களின் சக்கரங்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. இத்தகைய நேரங்களில் உரிமையாளர்கள் முதலில் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றியே. பிரேக்கின் நிலையைப் பலர் கவனிப்பதில்லை.

பிரேக் ரோட்டார், அதாவது மெக்கானிக்குகள் 'டிஸ்க்' என்று அழைக்கும் வட்டத்தகடு, பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. ஓர் இரவு மழையில் அதன் மேல் படியும் மெல்லிய துரு, நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் நீங்கிவிடும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நனைந்த கார் வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால்தான் சிக்கல். துரு குழிகளாக இறங்கி, பேட் அழுந்தியிருந்த இடம் தழும்பாகப் பதியும். அந்த ரோட்டாருடன் புதிய பேட் பொருத்தினால் அதுவும் விரைவில் தேயும். எனவே பேட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இந்நகருக்குப் பொருந்தாது.

புதிய பேட்டின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டராகக் குறைந்தால் மாற்றுவது நல்லது. கீச்சிடும் ஒலி முதல் எச்சரிக்கை. இரும்போடு இரும்பு உரசும் ஒலி கேட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. ரோட்டாருக்கான குறைந்தபட்சத் தடிமன் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, அதற்குக் கீழ் இருந்தால் மாற்றியாக வேண்டும். பழைய உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாரில் மலிவாகக் கிடைக்கும் எதையும் வாங்கலாம். பிரேக் ரோட்டாரை அந்தப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நலம்.

இங்கு கூறப்படுவது முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கான முறை. சமதளத்தில் காரை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கியால் உயர்த்த வேண்டும். மழையில் ஊறிய மண்தரையில் ஜாக்கி புதைந்து சரியும் என்பதால் சிமெண்ட் தரையே ஏற்றது. ஜாக்கி காரை உயர்த்துவதற்கு மட்டுமே. தாங்கி நிற்க ஸ்டாண்டு வேண்டும். அது இல்லையெனில் இப்பணியைத் தொடங்கவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியபின் காலிப்பரின் போல்ட்டுகளை அவிழ்த்து, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஆயில் குழாயில் அதன் எடை விழக்கூடாது. பேட்டுகளை எடுத்துவிட்டு, காலிப்பர் தாங்கியை அவிழ்த்தால் ரோட்டார் வெளிவரும். அதைப் பிடித்திருக்கும் சிறு திருகு இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், பல ரோட்டார்களில் இதற்கென்றே உள்ள இரண்டு மரைத்துளைகளில் போல்ட்டை முறுக்கினால் அது தானே விலகும்.

அடுத்த வேலையைத்தான் பலர் தவிர்க்கின்றனர். ரோட்டார் அமரும் ஹப்பின் முகப்பைக் கம்பி பிரஷால் துரு போகத் தேய்க்க வேண்டும். அங்கே மெல்லிய துருப்படலம் மிஞ்சினாலும் புதிய ரோட்டார் கோணலாகச் சுழன்று பெடல் அதிரும். புதிய ரோட்டாரின் மீதுள்ள எண்ணெய்ப் பூச்சையும் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடக் கூடாது. பழைய பேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

காலிப்பர் பிஸ்டனை சி-கிளாம்பால் மெதுவாக உள்ளே அழுத்தும்போது ஆயில் கலத்தின் மட்டம் உயரும். வழிந்தால் அது பெயின்ட்டை அரிக்கும். வழுக்குப் பின்களுக்குப் பிரேக்குக்கான கிரீஸ் மட்டுமே இட வேண்டும். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். ஒரு சக்கரத்தில் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபக்கம் இழுக்கும். ஆகவே இரு முன்சக்கரங்களிலும் மாற்றுவது அவசியம்.

எல்லாம் முடிந்தபின், காரை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேட்டைத் தொடும் வரை பிரேக் வேலை செய்யாது. இதை மறந்து காரை எடுத்தால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். அதன்பின் அதிகாலையில், நியூ டவுன் போன்ற இடங்களின் அகன்ற வெற்றுச் சாலையில், மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாக வேகம் குறைத்து எட்டுப் பத்து முறை பேட்டைப் பழக்க வேண்டும்.

பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலும், ஆயில் கசிந்தாலும், பின்சக்கரத்தில் மின்னணுக் கைப்பிரேக் இருந்தாலும் அந்த வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் இந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கக்கூடும். கங்கைக்கரையின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.