கைஸரின் விருந்தும் சிவகாசிச் சித்திரக்கதையும்

சிவகாசி என்றதும் நம் நினைவில் எழுவன மூன்று: பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத்தொழில். நான்காவதாகச் சித்திரக்கதையையும் சேர்த்துக் கொள்வதே நியாயம். 1972-ஆம் ஆண்டில் 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழ்ச் சிறுவரின் கையில் தந்த முத்து காமிக்ஸும், 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸும் இவ்வூரின் அச்சகங்களில் பிறந்தவையே. ஐரோப்பியச் சித்திரக்கதைகள் பல தமிழ் பேசக் கற்றுக்கொண்டது இக்கந்தக பூமியிலேதான்.

அத்தகைய கதையொன்றைத் தானே வரைய முனைந்தார், விருதுநகரில் நம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து பழகிய கை அது. பழைய ரூம் நாட்டின் தலைநகரில் நிகழும் மாயாஜால வரலாற்றுக் கதை. பறக்கும் குதிரையும் உண்டு, சூனியக்காரியும் உண்டு. வரைந்த தாள்களை நம் முன் பரப்பி, "மாமு, ரூம் ராஜாவுக்கு என்ன பட்டம் போடலாம்? மகாராஜா என்றே எழுதிவிடட்டுமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, விடையோ நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் சென்றது.

இன்று நாம் 'பைசாந்தியம்' என்று படிக்கும் பேரரசின் மக்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக் கொண்டதில்லை. அது பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஒருவரால் வழக்குக்கு வந்த பெயர். அவர்கள் தம்மை ரோமர் என்றே சொல்லிக் கொண்டனர். அரபியரும் அவர்களை 'ரூம்' என்றனர். திருக்குர்ஆனின் முப்பதாவது அத்தியாயம் அப்பெயரையே தாங்கி நிற்கிறதன்றோ!

பட்டத்தின் வரலாறும் சுவையானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திஹ்யா கல்பீ (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பிய திருமுகத்தில் பேரரசர் ஹிரக்ல், 'ரூமின் மாண்பாளர்' என்னும் பொருள்படவே விளிக்கப்பட்டார். மாற்று நெறியாளரையும் மரியாதை குன்றாமல் விளித்த பண்பு அது. அக்காலத்தை ஒட்டி, 629-ஆம் ஆண்டில், அதே ஹிரக்ல் 'பசிலியஸ்' எனும் கிரேக்கப் பட்டத்தைத் தம் அரசாணையில் எழுதத் தொடங்கினார். அரபியர் நாவில் வழங்கிய 'கைஸர்' என்பதோ 'சீசர்' என்ற பழைய பெயரின் திரிபு. ஆகவே, "உம் ரூம் குடிகள் அரசரைப் பசிலியஸ் என்று அழைக்கட்டும், அரபு வீரன் கைஸர் என்று சொல்லட்டும். வாயைத் திறந்தவுடனே யார் எவர் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும்" என்றோம்.

அதிகாரிகளின் பட்டங்களோ ஒரு காடு! படைத்தலைவன் 'ஸ்ட்ராடிகோஸ்', கடற்படைத் தலைவன் 'ட்ருங்காரியோஸ்', அரசின் துறைகளை நடத்துவோர் 'லோகோதெதிஸ்'. இவை பதவிகள். இவற்றினும் வேறானவை விருதுகள். 'ஸ்பதாரியோஸ்' என்றால் வாள் ஏந்துவோன். அவ்விருதுக்கு அடையாளம் பொற்பிடி வாள். அதனினும் மேலான 'புரோட்டோஸ்பதாரியோஸ்' மணிகள் பதித்த பொற்கழுத்தணி பெறுவான். அதிகாரிகள் கடிதங்களில் பதித்த ஈய முத்திரைகள் பல்லாயிரம் இன்றும் கிடைப்பதால் இப்பெயர்களை நாம் ஐயமின்றி அறிகிறோம்.

பொருள்களுக்கு வருவோம். அவற்றைத் தேடி அருங்காட்சியகம் செல்லுமுன் நம் வீட்டுச் சொற்களைத் தேடினாலே போதும். நம் முன்னோர் ஓதிப் பழகிய 'கலம்' கிரேக்கரின் 'கலமோஸ்' என்னும் நாணற்பேனா. 'கமீஸ்', 'கிந்தீல்' ஆகியவை ரோமர் வழி வந்த சட்டையும் விளக்கும். 'தீனார்' அவர்களது பொன். 'புலூஸ்' அவர்களது செப்புக்காசு. கலீஃபா அப்துல் மலிக் ஏறத்தாழ 697-இல் எழுத்துகள் மட்டுமே பொறித்த தீனாரை வெளியிடும் வரை கைஸரின் பொற்காசே ஷாம் நாட்டுச் சந்தையில் செல்லுபடியானது. அவ்வளவு தூரம் ஏன்? பிற்கால ரோமரின் செப்புக்காசுகள் நம் மதுரை வைகைப் படுகையிலேயே கிடைத்துள்ளன!

இளைஞர் ஓரிடத்தில் வழுக்கினார். ரூம் கப்பல்களிலிருந்து வாணங்கள் சீறிப் பாய்வதாக வரைந்திருந்தார். சிவகாசிக் கை, பாவம், வேறெப்படி வரையும்! ஆனால் ஏழாம் நூற்றாண்டில் ஷாமிலிருந்து ரூமுக்குப் போன கல்லினிகோஸ் என்பார் ஆக்கித் தந்த 'கிரேக்க நெருப்பு' வெடிக்கும் பொருளன்று. கப்பல் முனையின் குழாய் வழியே பீய்ச்சப்பட்ட எரிதிரவம். வெடிமருந்துக்கு உயிரான வெடியுப்பைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னுல் பைத்தார் 'சீனப் பனி' என்று குறித்துள்ளார். கல்லினிகோஸுக்கும் அவருக்கும் இடையே அறுநூறு ஆண்டு இடைவெளி. பறக்கும் குதிரைக்கு நாம் தடை சொல்லவில்லை, அது கற்பனை. காலம் மாறி வந்த வாணம் கற்பனையன்று, பிழை.

இவை யாவும் திருத்தக்கூடியவை. நம் நெஞ்சை உறுத்தியது வேறு. கதை முழுவதிலும் முஸ்லிம்கள் தோன்றிய இடம் இரண்டே: போர்க்களம், பாதாளச் சிறை. ரூம்காரர் அனைவரும் பற்களை நறநறக்கும் கொடியவர். நம் பிள்ளைகள் படிக்கப்போகும் நூலில் இரு தரப்புக்கும் இவ்வளவுதானா முகம்?

ஹாரூன் இப்னு யஹ்யா என்பவரின் கதையை அப்போது எடுத்துச் சொன்னோம். அஸ்கலானில் சிறைபிடிக்கப்பட்டு ரூம் தலைநகருக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். அவர் கண்டவற்றை இப்னு ருஸ்தா தம் நூலில் பாதுகாத்து வைத்தார். கிறிஸ்துமஸ் திருநாளில் பேரரசரின் விருந்து மண்டபத்துக்கு முஸ்லிம் கைதிகள் அழைத்து வரப்பட்டனர்; அவர்கள் முன் உணவுகள் பரப்பப்பட்டன. அரசரின் தலைமீது ஆணையிட்டு, இவற்றில் பன்றி இறைச்சி இல்லை என்று கட்டியங்காரன் உரக்க அறிவித்தான்! இது வெறும் பயணக்கதையன்று. அரண்மனை விருந்தில் எந்தப் பட்டத்தார் எங்கே அமர்வது என்பதை 899-இல் எழுதி வைத்த ஃபிலோதியோஸ் என்ற ரூம் அதிகாரியும், கிறிஸ்துமஸ் விருந்தில் அரபுக் கைதிகளுக்கு இடம் குறித்துள்ளார். இரு தரப்புச் சான்றும் ஒரே மேசையில் வந்து சந்திக்கின்றன!

கைதி கைதிதான், அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தம் பெருமையைக் காட்டவும் அவ்விருந்து நடந்திருக்கும். ஆயினும், பகைவனின் தட்டில் எது விழக்கூடாது என்று எண்ணிப் பார்த்த அரண்மனையை அரக்கர் கூடமாக மட்டும் தீட்டுவது நேர்மையாகாது.

இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. சில வாரங்கள் கழித்துப் புதிய தாளொன்றைக் கொண்டு வந்தார். சங்கிலியில் தொங்கும் கண்ணாடி விளக்குகள், நீண்ட மேசை, கழுத்தணி பூண்ட புரோட்டோஸ்பதாரியோஸ், ஓரத்தில் நம்மவர் சிலர். கட்டியங்காரன் வாய் திறந்து நிற்க, முதிய கைதியொருவர் தயக்கத்தோடு ரொட்டியை நோக்கிக் கை நீட்டுகிறார். அவர் உதடுகள் இலேசாகப் பிரிந்திருந்தன.

"இங்கே வசனம் எழுதவில்லையா?" என்றோம்.

"பிஸ்மி சொல்கிறார் மாமு, படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும்" என்றார் அவர்.