எந்த வயதுப் பெண்?

1966இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்றொரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நிற்பது இயற்கையல்ல, ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் நோய். மாத்திரை எடுத்துக்கொண்டால் பெண் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்றார். புத்தகம் விற்றது, மாத்திரையும் விற்றது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ‘பிரெமரின்’ 1942 முதலே அமெரிக்கக் கடைகளில் இருந்தது. ஆனால், ஐம்பதைக் கடந்த உடலில் அது நீண்டகாலத்தில் என்ன செய்யும் என்று அறிய, பெரிய அளவிலான சோதனை தொடங்கியது 1990களில்தான்.

ஆய்வகங்களிலும் பெண் உடலுக்கு இடம் குறைவுதான். 2009இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அனெலீஸ் பீரியும் இர்விங் சூக்கரும் எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில், பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை 5.5 இருந்தன. பெண்ணின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்பிவிடும் என்பது வழக்கமான சாக்கு.

அந்த ஹார்மோனையே ஆராய வந்தவர்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொமினிக் டோரன்-அலெராண்ட் முக்கியமானவர். பிறந்த சுண்டெலிகளின் மூளைத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் நரம்பிழைகளின் வளர்ச்சியைத் தூண்டுவதை 1976இல் காட்டினார். அவருடைய ஆய்வகத்தில் பணியாற்றிய ஃபரிதா சோராப்ஜி பின்னர் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வைத் தொடர்ந்தார். நான் பேச விரும்புவது அவருடைய ஒரு கேள்வியைப் பற்றி.

1990களின் இறுதியில் எலி ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. ஈஸ்ட்ரோஜன் கொடுத்த பெண் எலிகளுக்குப் பக்கவாதத்தால் ஏற்படும் மூளைச் சேதம் குறைந்தது. ஆனால், 50 முதல் 79 வயதுவரை உள்ள 16,608 பெண்கள் பங்கேற்ற அமெரிக்கச் சோதனை 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த பெண்களிடம் மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. 65 வயதைக் கடந்தவர்களுக்கு மறதிநோய் ஆபத்து இரு மடங்கானதாக 2003இல் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த சோதனையும் 2004இல் பக்கவாதத்தின் காரணமாக நின்றது.

எலிக்குக் காவலாக இருந்தது பெண்ணுக்கு ஏன் கேடானது? எலி வேறு, மனிதர் வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். சோராப்ஜியின் ஆய்வுகள் வேறொன்றைக் கேட்டன: அந்த எலிக்கு என்ன வயது?

சோதனைகளில் பெரும்பாலும் இருந்தவை சினைப்பை அகற்றப்பட்ட இளம் எலிகள். அவற்றிடம் இல்லாதது சினைப்பை ஹார்மோன் மட்டுமே. மற்ற உடல் முழுக்க இளமையானது. மாதவிடாய் நிற்கும் வயதில் இருக்கும் பெண்ணின் உடல் அப்படிப்பட்டதல்ல. சோராப்ஜியின் குழு, வயதாகி இனப்பெருக்கச் சுழற்சி தானாகவே நின்ற எலிகளை இளம் எலிகளோடு ஒப்பிட்டது. காயப்பட்ட மூளையில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தை ஈஸ்ட்ரோஜன் இளம் எலிகளிடம் அடக்கியது. மூத்த எலிகளிடம் அடக்கவில்லை. ரத்தத்தில் உள்ள வேண்டாத பொருள்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் அரணிலும், வயதுக்கேற்ப அதன் விளைவு மாறியது. 2010இல் வந்த முடிவு இன்னும் கடுமையானது. பக்கவாதத்துக்குப் பிறகு, இளம் எலிகளின் மூளைச் சேதத்தைக் குறைத்த அதே ஈஸ்ட்ரோஜன், மூத்த எலிகளின் சேதத்தைக் கூட்டியது. வயதோடு குறையும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்துக் கொடுத்தபோது சேதம் குறைந்தது.

ஹார்மோன் மாத்திரையே நஞ்சு என்று இதற்குப் பொருளல்ல. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளுக்குள் தொடங்குவதற்கும் பல ஆண்டுகள் கழித்துத் தொடங்குவதற்கும் வேறுபாடு உண்டு என்று இன்று மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அரைகுறையானது. எந்த உடலில், எப்போது என்பதும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும்.

விலங்கு ஆய்வுகளிலும் இரு பாலையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்ற அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் விதி 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால், பட்டியலில் ‘பெண்’ என்று ஒரு கட்டம் நிரப்பப்பட்டதும் நிறைவடைந்துவிட முடியவில்லை. அந்தக் கட்டத்தில் இளம் பெண் உடலை மட்டும் வைத்துவிட்டு, அதன் முடிவை நம் அம்மாக்களின் மருந்துச்சீட்டில் எழுதினால், வில்சனின் புத்தகத்திலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.