எல்லைக் காவலர் எழுதிய மடல்கள்

உரோமப் பேரரசின் வரலாற்றைப் படிக்குங்கால் நாம் சீசரை அறிகின்றோம், அகஸ்டஸை அறிகின்றோம், அவர்கள் வென்ற நாடுகளை எண்ணி வியக்கின்றோம். அந்நாடுகளின் எல்லையில் பனியிலும் மழையிலும் நின்ற வீரன் யாவன், அவன் எதை உண்டான், யாரை எண்ணி ஏங்கினான் என்று வினவுவார் சிலரே. வினவியவர்க்கு விடையொன்று 1973-ஆம் ஆண்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது.

இங்கிலாந்தின் வடபகுதியில், பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் எழுப்பத் தொடங்கிய நெடுமதிலுக்குச் சற்றுத் தெற்கே, விண்டோலாண்டா என்னும் பழைய கோட்டை உள்ளது. அங்கே அகழ்வு நடத்திய ராபின் பர்லி என்பார், ஈர மண்ணிலிருந்து மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். அஞ்சலட்டை அளவினவான அவற்றில் மையெழுத்துகள் காணப்பட்டன! நம் முன்னோர்க்குப் பனையோலை எப்படியோ, அவ்வீரர்க்கு அம்மரச்சீவல் அப்படி. பின்னரும் பல கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவை மதில் எழுவதற்கு முன், கி.பி. 100-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டவை.

அவற்றை எழுதியோர் உரோம நகரத்தார் அல்லர். இரைன் ஆற்று முகத்துவாரத்தில் வாழ்ந்த பட்டேவியரும், இன்றைய பெல்ஜிய நாட்டுப் பகுதியினரான துங்கிரியருமே அங்குக் காவல் புரிந்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் பணி புரிந்தால் உரோமக் குடியுரிமை கிட்டும். அதுவரை சாதாரண வீரன் சட்டப்படி மணம் செய்துகொள்ள இயலாது. எனினும் கோட்டையில் குழந்தைகளின் சிறு செருப்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. சட்டம் ஒன்று கூற, வாழ்க்கை வேறொன்று செய்தது போலும்!

அவ்வீரர்க்கு அளித்த பயிற்சியின் முறையை, பிற்காலத்தவராகிய வெஜீஷியஸ் தம் போர்நூலில் விரித்துரைக்கின்றார். ஆறடி உயரக் கம்பம் ஒன்றைத் தரையில் நட்டு அதனையே பகைவனாகக் கொள்ள வேண்டும். கையிலுள்ள மரவாளும் பிரம்புக் கேடயமும் உண்மைப் படைக்கலங்களினும் இருமடங்கு எடை உடையன. கம்பத்தின் தலையையும் விலாவையும் காலையும் குறிவைத்துத் தாக்க வேண்டும். ஆனால் வாளை ஓங்கி வெட்டுதல் கூடாது, குத்துதலே வேண்டும். வெட்டுவோன் கையை உயர்த்துங்கால் தன் விலாவைத் திறந்து காட்டுகின்றான் என்பதும், சிறிதே ஆழ்ந்த குத்தும் உயிரைப் போக்கும் என்பதும் அவர் கூறும் காரணங்கள். கோடையில் ஐந்து மணி நேரத்தில் இருபது உரோம மைல் நடக்கவும், ஆற்றில் நீந்தவும் பழகினர். நீச்சலில் பட்டேவியர்க்கு ஆசான் வேண்டியதில்லை. குதிரையோடு ஆறு கடப்பதில் அவர்கள் பெயர் பெற்றவர்கள்.

இத்துணைப் பயிற்சி பெற்ற வீரர் நாள்தோறும் போரா புரிந்தனர்? துங்கிரியப் படையின் மே 18-ஆம் நாளைய கணக்கு கிடைத்துள்ளது. மொத்தம் 752 பேர். அவருள் 456 பேர் வெளியிடங்களில் இருந்தனர்: கோரியா என்னும் ஊரில் மட்டும் 337 பேர், ஆளுநரின் காவலுக்கு 46 பேர். எஞ்சிய 296 பேருள் நோயுற்றோர் 15, காயமுற்றோர் 6, கண்ணோயினர் 10. மற்றொரு சீவலிலோ, 343 பேர் பட்டறைப் பணிக்குச் சென்றதாகக் குறிப்பு. செருப்புத் தைப்போர் 12, குளியல்மனை கட்டுவோர் 18 என அது கணக்கிடுகின்றது. வாள் பிடித்த கை பெரும்பாலான நாட்களில் ஊசியும் கரணையும் பிடித்தது.

மடல்களோ இன்னும் சுவையானவை. பெயர் அழிந்துபோன ஒருவர், காலுறைகளும் இரண்டிணை மிதியடிகளும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியதாக எழுதுகின்றார். அவ்வூர்க் குளிரை நாம் இதிலேயே உணரலாம். மஸ்குலஸ் என்னும் குதிரைப்படை அலுவலன், மறுநாள் செய்யவேண்டுவது யாது எனத் தலைவன் செரியாலிஸைப் பணிவுடன் கேட்டுவிட்டு, மடலின் இறுதியில், தம் தோழர்க்குக் குடிக்க பீர் இல்லை, அனுப்ப ஆணையிடுக என்கின்றான்! அச்செரியாலிஸின் மனைவி லெபிடினாவை, வேறொரு கோட்டைத் தலைவனின் மனைவி செவேரா செப்டம்பர் 11-ஆம் நாள் தன் பிறந்தநாள் விழாவிற்கு அழைக்கின்றாள். எழுத்தன் எழுதிய மடலின் கீழ், அன்புச் சொற்கள் சிலவற்றைத் தன் கைப்படவே சேர்க்கின்றாள். இலத்தீன் மொழியில் பெண்கையெழுத்தாக இன்று நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்று அது.

கடன் கணக்கு ஒன்றில், தப்போ மகன் கம்பாக்ஸ் என்பான் மிளகுக்கு இரண்டு தெனாரியம் தரவேண்டும் எனக் காண்கின்றோம். அந்நாளில் உரோமர்க்கு மிளகு பெரும்பாலும் சேர நாட்டு முசிறி முதலிய துறைகளில் கலமேறி, செங்கடல் கடந்து, அலெக்சாண்டிரியா வழியே சென்றது. நம் மேலைக்கடற்கரைக் கொடியில் காய்த்த மிளகு உலகின் வடகோடிப் பாசறையில், அதுவும் கடனுக்கு, விற்கப்பட்டதெனின் வியப்பன்றோ!

எனினும் நம்மைப் பெரிதும் நெகிழ்விப்பது சொலெம்னிஸ் என்பான், வேறொரு பட்டேவியப் படையிலிருந்த பாரிஸ் என்னும் தோழனைச் சகோதரனென அழைத்து எழுதிய மடலே. தான் நலமென்றும், அவன் நலத்தை விழைவதாகவும் தொடங்கியவன், உடனே சினந்து, ஒரு மடலும் எழுதாத சோம்பன் நீ என்று வைகின்றான். நானன்றோ உன்னினும் நல்லவன், முந்தி எழுதிவிட்டேன் என்று பெருமையும் பேசிக்கொள்கின்றான். பின்னர்ச் சினம் ஆறி, டிலிஜென்ஸ், காகிட்டாட்டஸ், கொரிந்தஸ் ஆகிய தோழர்க்குத் தன் வணக்கத்தைச் சொல்லுமாறு வேண்டுகின்றான்.